யாரிடம் காட்டுவது?

புதுச்சேரியில் ஒரு வீட்டுக்குப் பயாப்சி முடிவு வந்து, அதில் ‘கார்சினோமா’ என்று எழுதியிருந்தால், அன்று இருட்டுவதற்குள் நாலைந்து போன் கால்களாவது போயிருக்கும். எல்லாம் உறவுக்காரர்களுக்குத்தான். “சென்னையில நமக்கு யாரைத் தெரியும்?” என்பது முதல் கேள்வி. ஒருவர் அடையாறு என்பார், இன்னொருவர் வேலூர் என்பார். பாரிஸ் புறநகரில் குடியிருக்கும் சித்தப்பா, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு, இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன் என்பார். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறதே என்று யாராவது வாயைத் திறந்தால், “அங்க ஒரே கூட்டம்” என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். ராத்திரிக்குள் ஐந்தாறு டாக்டர் பெயர்கள் ஒரு தாளில் ஏறியிருக்கும். அவர்களில் யார் அறுப்பவர், யார் கரண்ட் வைப்பவர், யார் மருந்து கொடுப்பவர் என்ற விவரம் மட்டும் அந்தத் தாளில் இருக்காது.

பெரியவர்களுக்கு வரும் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு மூன்று வகை மருத்துவர்கள் வேண்டும். கட்டியை அறுத்து எடுப்பவர் சர்ஜிகல் ஆன்காலஜிஸ்ட். நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையைப் பார்ப்பவர் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட். இவர்கள் இருவரும் கட்டி இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள். மூன்றாமவரான மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் மருந்தைக் கொண்டு வேலை செய்கிறார். கீமோ, ஹார்மோன் மாத்திரை, செல்லில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் குறிவைக்கும் டார்கெட்டட் மருந்து, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி எல்லாம் அவர் கையில். ஸ்கேனில் தெரியாத இடத்தில் நாலு செல்கள் ஒளிந்திருந்தாலும் ரத்தத்தின் வழியே போய்த் தொடக்கூடியது மருந்துதான். லுக்கீமியா போன்ற ரத்தப் புற்றுநோய்களை மெடிக்கல் ஆன்காலஜிஸ்டும் பார்ப்பார், ஹீமட்டாலஜிஸ்டும் பார்ப்பார். குழந்தைகளுக்குத் தனி நிபுணர்கள் உண்டு.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, அதற்குமேல் எம்.டி. மூன்று ஆண்டு, அதற்கும் மேல் டி.எம். மூன்று ஆண்டு. பதினொன்றரை ஆண்டு படித்துவிட்டு வருகிறவர்தான் முழுப் பயிற்சி பெற்ற மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட். டி.எம். என்பதற்குப் பதிலாக டி.ஆர்.என்.பி. என்று இருந்தாலும் அது சமமான படிப்பே. இந்தப் படிப்பை நாட்டில் முதல்முறையாக 1980-களில் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சில குடிசைகளில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. மருந்துச் சீட்டில் பெயருக்குக் கீழே பதிவு எண் இருக்கும். அதை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டிலோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தளத்திலோ போட்டுப் பார்த்தால் என்ன படித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகளில் சில, வெளிநாட்டில் சில வாரம் போய்வந்த பயிற்சிக்கானவையாகவும் இருக்கும். ஆனால் டி.எம். பட்டத்தையே ஒரே அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. நம் நாட்டில் பல ஊர்களில் ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட்களும் கீமோ கொடுக்கிறார்கள். தொண்டையிலோ கர்ப்பப்பை வாயிலோ வந்த புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது வாராவாரம் சிஸ்பிளாட்டின் ஏற்றுவது அவர்களுக்குக் கைவந்த வேலை.

மருந்து கொடுப்பதற்கென்று இப்படித் தனியாக ஒரு துறை ஏன் வேண்டியிருந்தது? சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் போனால் நம் பக்கத்து ஆள் ஒருவரே வருகிறார். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ் 1920-களில் அமெரிக்கா போனார். லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதோடு, போலிக் அமிலம் போலவே வேஷம் போட்டு செல்லை ஏமாற்றும் மூலக்கூறுகளையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை லுக்கீமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948-இல் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் வந்தது, நம் ஊரில் காம்பவுண்டுச் சுவரோரம் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. அதிலிருந்து வின்பிளாஸ்டின், பிறகு வின்கிரிஸ்டின்.

இந்த வின்கிரிஸ்டினை நரம்பு ஊசியாக, அதாவது ரத்தக் குழாயில் ஏற்றினால் உயிர் காக்கும். கைதவறி முதுகுத் தண்டுவட நீரில் ஏற்றிவிட்டால் அநேகமாக உயிர் போய்விடும். அதனாலேயே இப்போது அதை ஊசிக் குழலில் வைக்காமல் சிறு சலைன் பையில் கலந்து தொங்கவிடச் சொல்கிறார்கள். நல்ல மருத்துவரைத் தேடும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் நர்ஸையும், மருந்து கலக்கும் அறையையும் சேர்த்தே தேட வேண்டியிருப்பது இதனால்தான். “மருந்தை எங்க கலக்குறீங்க, யார் கலக்குறாங்க?” என்று கேட்கலாம், தப்பில்லை. கண்ணாடித் தடுப்பும் காற்று வடிகட்டியும் உள்ள கேபினெட்டில் பயிற்சி பெற்றவர் கலக்குகிறார் என்றால் நல்லது. வார்டு மேஜையில் வைத்துக் கலக்கினால் யோசிக்க வேண்டும்.

மருந்தின் அளவு எப்படி முடிவாகிறது என்பதையும் ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு பெண், உயரம் 150 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 8,100. அதை 3,600-ஆல் வகுத்தால் 2.25. அதன் வர்க்கமூலம் 1.5. அவர் உடம்பின் மேற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாக்சோரூபிசின், சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம். ஆக அவருக்கு 90 மில்லிகிராம். வார்டில் இதற்கு ‘செவப்பு மருந்து’ என்று பெயர். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று வீடே பதறிவிடும். இந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இதயத் தசையைப் பாதிக்கும். எனவே ஆரம்பிக்கும் முன் எக்கோ எடுக்க வேண்டும், வாழ்நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகை சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் கையில் உள்ள கீமோ சார்ட்டில் உயரம், எடை, சதுர மீட்டர், எத்தனையாவது சைக்கிள், அன்றைய ரத்த கவுண்ட்ஸ் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், இணையத்தில் போடும் ஐந்து நட்சத்திரத்தைவிட இந்த ஒரு தாள் மருத்துவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

சரி, முதலில் யாரிடம் போவது? கத்தி படுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். நம் பக்கம் அடிக்கடி நடப்பது என்னவென்றால், மார்பில் கட்டி என்று ஒரு பொது அறுவை மருத்துவரிடம் போவார்கள். அவர் “சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்” என்று எடுத்துவிட்டு, எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புவார். பத்து நாள் கழித்துப் புற்றுநோய் என்று முடிவு வரும். அப்புறம் மெடிக்கல் ஆன்காலஜிஸ்டிடம் போனால் அவருக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்த கட்டியோ, ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-வும் இல்லாத டிரிபிள் நெகடிவ் வகையோ கொஞ்சம் பெரிதாக இருந்தால், முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கி, பிறகு அறுப்பதுதான் இன்றைய முறை. கட்டி மருந்துக்கு எப்படிக் கரைகிறது என்று பார்த்தே அடுத்து என்ன கொடுப்பது என்றும் தீர்மானிப்பார்கள். கட்டியே இல்லை என்றால் எதைப் பார்ப்பது?

கழுத்தில் நெறி கட்டியிருந்தால் டி.பி.யாக இருக்கும் என்று பயாப்சி பண்ணாமலே டி.பி. மாத்திரை ஆரம்பித்து, மாதங்கள் போன பிறகு லிம்போமா என்று தெரியவருவதும் உண்டு. லிம்போமா பெரும்பாலும் மருந்து மருத்துவருடைய பகுதி. வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோயோ வேறு. அதில் பெரும்பாலும் அறுவைதான் முதலில். ஆரம்ப நிலைக் குடல் புற்றுநோயும் அப்படியே. எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டம் என்று தெரியாமல் எந்த மருத்துவர் என்று சொல்ல முடியாது.

அந்த ‘எந்தப் புற்றுநோய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர், நோயாளி கண்ணால் பார்த்தே இராத ஒருவர், பெத்தாலஜிஸ்ட். பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் கூட்டில் எண் போட்டு வைப்பார்கள். அதுதான் பிளாக். அதிலிருந்து சீவி எடுத்துச் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேறு மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட்டைவிட இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டாவது பெத்தாலஜிஸ்ட் பார்த்து நோயின் பெயரே மாறுவதும் உண்டு. ஹெர்2 சோதனையில் 3+ என்றால் உண்டு, 0 அல்லது 1+ என்றால் இல்லை, 2+ என்று வந்தால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்து பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. அந்த ஒரு கூட்டல் குறிக்குப் பின்னால் ஒரு வருட மருந்தும் லட்சக்கணக்கில் பணமும் இருக்கின்றன. ஒரு சின்ன எச்சரிக்கை. பிளாக்கை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு மதிய சாப்பாட்டுக்குப் போய்விடாதீர்கள். அந்த மெழுகு சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருகும், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும்.

நோயின் கட்டத்தை எழுதும் மொழி பிரான்சிலிருந்து வந்தது என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடிக்கும் செய்தி. பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி நிலையத்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பியேர் தெனுவா, 1943 முதல் 1952 வரை உழைத்து உருவாக்கியது டி.என்.எம். முறை. கட்டி எவ்வளவு பெரிது, நெறிகளுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று மூன்று எழுத்தில் சொல்லிவிடும். ‘டி2 என்1 எம்0’ என்று எழுதியதை பாரிஸ் சித்தப்பாவின் டாக்டரும் படிப்பார், கோரிமேட்டு டாக்டரும் ஒரே மாதிரி படிப்பார். அதே பிரான்ஸ் 2003-இல் கொண்டுவந்த தேசியப் புற்றுநோய்த் திட்டம், ஒவ்வொரு புது நோயாளியைப் பற்றியும் பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசியே சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும் என்றது. இங்கே அந்தக் கூட்டத்துக்கு ட்யூமர் போர்டு என்று பெயர். அறுப்பவர், கரண்ட் வைப்பவர், மருந்து கொடுப்பவர், ஸ்கேன் படிப்பவர், பெத்தாலஜிஸ்ட் ஐந்து பேரும் ஒரே மேஜையில் ஸ்கேனைப் போட்டுப் பார்த்துப் பேசுவார்கள். தனி மருத்துவரின் கைராசியைவிட இந்த மேஜையை நம்பலாம் என்பது என் கட்சி. “எங்க கேஸை போர்டுல வச்சீங்களா டாக்டர்?” என்ற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் வருகிறதா என்று கவனியுங்கள்.

இந்த வசதி புதுச்சேரியில் இல்லாததல்ல. 1823-இல் பிரெஞ்சு அரசு இங்கே தொடங்கிய ‘எக்கோல் தெ மெத்சின்’ என்ற மருத்துவப் பள்ளி, ஊர் கைமாறிய பிறகு 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. கோரிமேட்டுப் பக்கத்துக்கு தன்வந்திரி நகர் என்று பெயர் வந்ததும் அப்படித்தான். இன்று ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்தில் மருந்து, அறுவை, கதிர்வீச்சு மூன்று துறைகளும் இருக்கின்றன. மெடிக்கல் ஆன்காலஜியில் டி.எம். பட்டமும் அங்கேயே கொடுக்கிறார்கள். மும்பை டாட்டா மெமோரியலை மையமாக வைத்து 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பிலும் ஜிப்மர் ஓர் உறுப்பினர். எந்த ஊரில் காட்டினாலும் ஏறத்தாழ ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த கூட்டமைப்பு அது. அதன் சிகிச்சை வழிகாட்டிகள் எல்லா உறுப்பினர்களுக்கும் பொது. அடையாறில் எழுதிக்கொடுக்கும் திட்டமும் கோரிமேட்டில் எழுதிக்கொடுக்கும் திட்டமும் பல நோய்களுக்கு மருந்துப் பெயர் உள்பட ஒன்றாகவே இருக்கும்.

கூட்டம் என்பது உண்மைதான். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து விடிவதற்குமுன் பஸ் ஏறி வருகிறவர்கள் ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறார்கள். ஸ்கேனுக்குத் தேதி தள்ளிப்போகும். பார்க்கிற டாக்டர் வாரத்துக்கு ஒருவராக மாறுவார், ஆரம்பத்தில் பேசியவரைப் பிறகு காணவே முடியாது என்று குறைப்படுபவர்களும் உண்டு. பணம் செலவழிக்க முடிந்தவர்கள், ஊரைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளையோ நகருக்குள் இருக்கும் தனியார் மருத்துவமனைகளையோ பார்ப்பதில் தவறில்லை. சென்னையை மட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான ஒரு திட்டம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாலு ஊசி, பிறகு வாராவாரம் பன்னிரண்டு. மொத்தம் 16 முறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை 150 கிலோமீட்டர். போகவர 300. பதினாறு முறைக்கு 4,800 கிலோமீட்டர். வாந்தியோடும், முடி கொட்டிய தலைக்குத் துணி கட்டிக்கொண்டும். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டுக் கூட வரும் மகனையோ மகளையோ இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இதையும் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது, பத்தாம் நாள் ராத்திரி வரும் ஜுரம்.

கீமோ, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகும் இடம்தான். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழே போய்விட்டால், சொந்தக் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்து ஆளைச் சாய்க்கும். சீழ்கூடப் பிடிக்காது, ஏனென்றால் சீழாவதற்கு வேண்டிய அணுக்களே இல்லை. வெளியே தெரியும் ஒரே அறிகுறி ஜுரம். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் காலை வரை காத்திருக்க நேரமில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, காலையில் சென்னைக்குப் பேசலாம் என்று படுத்துவிடுகிறவர்களைத்தான் நோய்க்கு முன்னால் சிகிச்சை கொண்டுபோய்விடுகிறது.

ஆகவே நான் சொல்வது இது: சிகிச்சை என்னவென்ற முடிவைத் தூரத்தில் எடுங்கள், தப்பில்லை. மருந்து பக்கத்தில் ஏறட்டும். அடையாறுக்கோ வேலூருக்கோ ஒருமுறை ஸ்லைடு, பிளாக், ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் திட்டத்தை எழுதிக் கொடுப்பார்கள். அதை வைத்து ஊசி போடுவது, ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். “இப்படி ஒரு திட்டம் கொடுத்திருக்காங்க, நீங்க போடுவீங்களா டாக்டர்?” என்று உள்ளூர் மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். கோபித்துக்கொள்கிறவரும் இருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் ஆறு மாதம் வைத்தியம் பார்ப்பது எப்படியிருக்கும் என்று முதல் நாளே தெரிந்துகொண்டது லாபம்தான்.

வாரம் ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகும் நிபுணர்களை வைத்து நடக்கும் மருத்துவமனைகளில், மீதி ஆறு நாளும் யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எடுப்பவர் யார், படுக்கை கிடைக்குமா என்பதற்கு வரும் பதில்தான் அந்த இடத்தின் உண்மையான விளம்பரம். புதுச்சேரி மாநிலத்தின் ஒரு துண்டான மாஹேவில் இருப்பவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். பக்கத்திலேயே தலச்சேரியில் மலபார் புற்றுநோய் மையம் இருக்கிறது, அங்கே போய்விடுகிறார்கள்.

இவ்வளவு விசாரிக்க நேரம் இருக்கிறதா என்ற பயம் வரும். மார்பகம், குடல், நுரையீரல் போன்ற கட்டிகள் கண்டுபிடிக்கப்படும் முன்பே பல மாதம், சில சமயம் பல வருடம் உள்ளே வளர்ந்தவை. இன்னொரு கருத்துக் கேட்க ஒரு வாரமோ பத்து நாளோ போவதால் பெரிய வித்தியாசம் வராது. மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். சில நோய்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அக்யூட் லுக்கீமியா என்றால் அன்றைக்கே சேர வேண்டும். அதில் புரோமைலோசைட்டிக் என்ற வகை, ரத்தம் உறையாமல் ஓடி ஓரிரு நாளில் உயிரை எடுக்கும். சரியான மருந்தை உடனே தொடங்கிவிட்டால் பெரும்பாலோரைக் குணமாக்கக்கூடிய நோயும் அதேதான். முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயில் கால் மரத்துப்போகத் தொடங்கினாலும் அப்படியே. அங்கே பெயர் பார்த்துக்கொண்டிருக்காமல் கிட்டே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் நுழைந்துவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். கேட்க வேண்டும், ஏனென்றால் விலை உயர்ந்ததே நல்ல மருந்து என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் சிஸ்பிளாட்டினை ஒரு பக்கமும், வீட்டிலேயே விழுங்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப் மாத்திரைகளை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களின் இடைநிலை ஆயுள் 6.1 மாதம், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவும் மாத்திரைக்காரர்களுக்குக் குறைவு. அந்த மெத்தோட்ரெக்சேட், சுப்பாராவ் காலத்து மருந்து! 2023-இல் அதே மருத்துவமனை இன்னொன்றையும் காட்டியது. நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். இம்யூனோதெரபி என்றாலே மாதம் சில லட்சம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடும் மருத்துவரும், குறைந்த அளவில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லும் மருத்துவரும் ஒரே பட்டம் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள்.

கிளீவெக் மருந்தின் காப்புரிமைக் கதையும் சென்னையில்தான் தொடங்கியது. நாட்பட்ட மைலாய்டு லுக்கீமியாவை ஒரு மாத்திரைக்குள் அடக்கிய அந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு நடந்து நடந்து 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்தின் இந்தியத் தயாரிப்பு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது. கம்பெனிப் பெயர் போடாமல் மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத் அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. அந்த மருத்துவமனை அதில் இருக்கிறதா, எழுதிய மருந்து அதில் அடங்குமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

மருத்துவர் அறையில் நடக்கும் பேச்சுக்கு வருவோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகன் ஒரு அடி முன்னால் வந்து குனிந்து, “டாக்டர், அம்மாவுக்கு எதுவும் தெரியாது. கட்டின்னு மட்டும் சொல்லியிருக்கோம்” என்பார். நம் வீடுகளில் பாதிக்கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. மகனை வெளியே தள்ளிவிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறவரும் சரியில்லை, மகனோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறவரும் சரியில்லை. “நீங்க எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்கம்மா?” என்று அந்த அம்மாவையே கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள். தலை முடி கொட்டும் மருந்து எதற்கு என்று கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. பலருக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருப்பார்.

கேட்கப் பயப்படும் கேள்வி ஒன்று உண்டு: இந்த மருந்து குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா? இரண்டுக்கும் மருத்துவரின் கணக்கு வேறு. குணமாக்கும் வாய்ப்பு இருந்தால் பக்கவிளைவைத் தாங்கிக்கொண்டு தேதி தவறாமல், அளவு குறையாமல் கொடுக்கப் பார்ப்பார். கட்டுக்குள் வைப்பதுதான் என்றால் நோயாளி நடமாடிக்கொண்டு நன்றாகச் சாப்பிடுவதே முதல் குறி. நாலாம் கட்டம் என்றாலே முடிந்தது என்பதும் எல்லா நோய்க்கும் பொருந்தாது. விரைப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்போமா இரண்டிலும் பரவிய பிறகும் குணமாகிறவர்கள் நிறைய. இதை எல்லாம் சொல்லாமல் “எதுக்கு அதெல்லாம், நான் பாத்துக்கறேன்” என்று முடித்துக்கொள்ளும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்கள், டாக்டர் ரொம்ப நம்பிக்கையா பேசினார் என்று திருப்தியோடு வருவார்கள். நூற்றுக்கு நூறு குணம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது, சுவரில் போஸ்டர் மட்டும் குறையவில்லை.

வலி நிவாரணப் பிரிவை, கடைசிக் கட்டத்துக்கான இடம் என்று ஒதுக்கும் மருத்துவரைவிட, ஆரம்பத்திலேயே அனுப்பிவைக்கிறவர் மேல். பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், முதலிலிருந்தே வலி நிவாரணக் குழுவையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கடைசி நாட்களில் மற்றவர்களைவிடக் குறைவான தீவிர சிகிச்சை எடுத்துக்கொண்டும் அதிக நாள் வாழ்ந்தார்கள். 11.6 மாதம், எதிரே 8.9.

நடுவில் மருத்துவரை மாற்றலாமா? மாற்றலாம், அது துரோகமல்ல. அவரிடம் சொல்லிவிட்டு, சுருக்கக் குறிப்பையும் கீமோ சார்ட்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சிகிச்சை முடிந்து பத்து வருடம் ஆனாலும் அந்த நகலைத் தூக்கிப் போடாதீர்கள். நோய் திரும்பி வந்தால் புது மருத்துவர் பழைய ஸ்கேனை அவ்வளவாகத் தேடமாட்டார். செவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்பார். நாலு சைக்கிள், ஒவ்வொன்றும் சதுர மீட்டருக்கு 60 என்று தாளில் இருந்தால் 240 என்று கூட்டி, இன்னும் இடம் இருக்கிறது என்று அந்த மருந்தையும் யோசிப்பார். தாள் இல்லையென்றால், இதயத்துக்குப் பயந்து, அவர் அதை விட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டியிருக்கும்.